வித்வான் கடைசியாகத் திருத்திய சேதி

கடற்கரைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யார் எதை எழுதினாலும் அட்மின் வித்வான் ஏகாம்பரனார் பிழை பிடிப்பார். ஆடியில் இறந்துபோன அவரை எரித்தார்கள். கூடவே அவருடைய போனையும் வைத்து எரித்தார்கள். ஆவணியிலும் அவர் எண்ணிலிருந்து திருத்தம் வந்துகொண்டே இருந்தது. பயத்தில் குழுவே வாயடைத்துப் போனது.

மீன் விற்கும் மரியபுஷ்பத்துக்கோ அந்தக் குழுதான் சந்தை. "நெத்திலி வந்துருக்கு" என்று போட்டாள்.

"பிழையில்லாமல் ஒரு சேதி எழுது. இல்லையேல் நீக்கிவிடுவேன்" என்று வந்தது.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பேரம் பேசிப் பிழைக்கிறவள் சும்மா விடுவாளா?

"எழுதுறேன் வித்வானய்யா. நீங்களே திருத்துங்க. ஆனா முடிச்சதும், இனிப் பிழையில்லன்னு நீங்களே சொல்லணும். சம்மதமா?"

"சம்மதம்."

வித்வான் ஏகாம்பரனார் ஆடி மாதம் காலமானார், உடல் எரிக்கப்பட்டது என்று கண்ணீர் அஞ்சலி ஒன்றைத் தப்பும் தவறுமாக எழுதிப் போட்டாள்.

ஒவ்வொரு வார்த்தையாகத் திருத்தம் வந்தது.

"எழுத்து சரியாப் போச்சு. சேதியில பிழை உண்டாய்யா?"

'டைப் செய்கிறார்' என்று வெகுநேரம் காட்டியது. அவள் கையிலிருந்த போன் ஐஸில் கிடந்த மீனாகச் சில்லிட்டது.

"இல்லை."

அதற்குக் கீழே, அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாக ஒரு வரி.

மரியபுஷ்பம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போட்டாள்: "நெத்திலி யாருக்கு வேனும்?" திருத்தம் வரவில்லை.

"எனக்கு அறைக்கிலோ" என்று குழு வாய் திறந்தது.