தராசில் ஏறிய வெறும் பானை

முன்னொரு காலத்துல, கடலோரமா இருந்த செம்மணல் நாட்டை மாறங்கோன்னு ஒரு ராஜா ஆண்டு வந்தாராம். நல்ல மனுஷன்தான். ஆனா காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. முந்தின மாசம் அரண்மனை பூரா மயில் வளக்கச் சொன்னார். அது கத்துற கத்துல தூக்கம் போனதும் எல்லாத்தையும் காட்டுக்குத் துரத்தினார். அடுத்து அவருக்குப் பிடிச்ச கிறுக்கு, தராசு.

"எந்தப் படிப்புக்கு என்ன மதிப்புன்னு எடை போட்டே பாத்துடலாம்"னு சபை நடுவுல பெரிய தராசைத் தொங்கவிட்டார். ஒரு தட்டுல ஒரு மூட்டை பொன். மறு தட்டுல, படிச்சவங்க அவங்கவங்க படிப்பால வந்ததை வைக்கணும். தட்டு இறங்கினா அரண்மனையில வேலை. இறங்கலைன்னா, அந்தப் படிப்பைச் சொல்லிக் குடுக்கிற பள்ளிக்கூடம் குதிரை லாயம்.

இதை ராஜா காதுல ஓதினவர் பொக்கிஷக்காரர் நவநிதியார். அவர் குறி ஒரே ஒரு பள்ளிக்கூடம். அங்க படிக்கிறவங்க ஊர் ஊராப் போய்த் தங்கி, எங்க எப்படிப் பொண்ணு குடுக்கிறாங்க, எப்படிச் சாவு எடுக்கிறாங்க, எதுக்குக் கோவிச்சுக்கிறாங்கன்னு கூட இருந்தே கத்துக்குவாங்க. அங்க படிச்சுப் பட்டம் வாங்கினவ வெண்ணி. அவ மேல நவநிதியாருக்கு ஏன் எரிச்சல்னா, அதுக்கு ஒரு மிளகுக் கதை இருக்கு.

அந்த நாட்டுக்கு வரும்படியே மிளகுதான். மலைக்காரங்ககிட்ட வாங்கிக் கப்பலேத்தணும். வருஷா வருஷம் மலைக்குப் போய் வாங்கிக்கிட்டு வந்த கிழவர் செத்துப்போனதும், நவநிதியார் தானே பல்லக்கு நிறையப் பொன்னை ஏத்திக்கிட்டுக் கிளம்பினார். "ஐயா, மலைக்குப் பொன்னைத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க"ன்னு வெண்ணி சபையிலயே சொன்னா. கேப்பாரா? மலைக்காரங்க கல்லால அடிச்சுத் துரத்தி, பொன்னையும் பல்லக்கையும் பள்ளத்துல உருட்டிவிட்டு, பாதையை முள்ளு வெட்டிப்போட்டு அடைச்சுட்டாங்க. சொன்னது பலிச்சுட்டா, சொன்னவளை யாருக்குப் பிடிக்கும்?

தராசு நாள் வந்தது. வைத்தியர் வந்தார், கப்பல் கட்டுறவர் வந்தார், ஆளுக்கொரு மூட்டை வச்சாங்க, தட்டு இறங்கிச்சு. வெண்ணி வெறுங்கையோட நின்னா.

நவநிதியார் தொடையைத் தட்டிச் சிரிச்சார். "ஊரான் வீட்டுப் பந்தியை வேடிக்கை பாக்கிறதுக்கு ஒரு படிப்பு! அதுக்கு ஒரு பட்டம்! ஏம்மா, அது ஒரு வேளைக் கஞ்சி ஊத்துமா?"

வெண்ணிக்கு முகம் சுருங்கிப்போச்சு. தனக்கு வேலை கிடைக்காட்டி போகுது, தன்னால பள்ளிக்கூடமே போயிடுமேன்னு கவலை. ஆனாலும் குரல் தழையல. "அரசே, கப்பலுங்க மிளகுக்குக் காத்துக்கிட்டு நிக்குது. காத்து திரும்பினா கிளம்பிடும். அதுக்குள்ள மலைக்குப் போயிட்டு வரேன். அப்புறம் எடை போடுங்க."

"எவ்வளவு பொன் வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். கையை வீசிக்கிட்டுப் போறேன்."

போனா. திரும்பி வந்தா. கையில ஒரு மண்பானை. ராஜா எட்டிப் பாத்தார், உள்ளே ஒண்ணுமில்லை. அவ அதைத் தட்டுல வச்சா. பொன் மூட்டை இருந்த தட்டு அசையவேயில்லை.

"லாயத்துக்குப் புல்லு கொண்டுவரச் சொல்லட்டுமா அரசே?"ன்னார் நவநிதியார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா. பானைக்குச் சொந்தக்காரங்க வராம இருக்க மாட்டாங்க"ன்னா வெண்ணி.

ராஜாவுக்கு வேடிக்கைன்னா விடுவாரா? "காத்து திரும்புற வரைக்கும் பானை அங்கேயே இருக்கட்டும்"னுட்டார்.

கடல்காரங்க பாய் கட்ட ஆரம்பிச்ச சமயத்துல வாசல்ல ஒரே சத்தம். மலைத் தலைவி தன் சனத்தோட, தலைக்கொரு மூட்டையா, நேரா சபைக்குள்ள வந்துட்டா. "எங்கடி எங்க பானை?"ன்னு கேட்டா. தராசுல பாத்தா. பாத்ததும் பானை வழிய மிளகைக் கொட்டி, பக்கத்துல மூட்டை மேல மூட்டையா அடுக்கச் சொன்னா. தட்டு தொம்முன்னு தரையில உக்காந்துச்சு, பொன் மூட்டை உத்திரத்துல போய் முட்டிச்சு.

"இது என்ன மாயம்?"னார் ராஜா.

"மாயம் என்ன சாமி. எங்க மலையில பானை இரவல் கேட்டு வர்றவ எங்களுக்கு உறவுக்காரி. எங்க பானை உறவுக்காரி வீட்டுல வெறுமனே கிடந்தா எங்களுக்குத்தானே அவமானம்? அதான் நெரப்ப வந்தோம். அவளும் அதை ஒரு நாள் உப்போ துணியோ நெரப்பித் திருப்பித் தருவா. அப்படித்தான் உறவு ஓடும். கையோட விலையைக் குடுத்தா, இனி உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு அர்த்தம். பங்காளிங்க அடிச்சுக்கிட்டுப் பிரியுறப்பதான் அப்படிச் செய்வோம். அதோ அந்த ஆளு வந்ததும் வராததுமா பொன்னைக் கொட்டினாரு. கல்லு எடுக்காம என்ன பண்றது?"

சபையே கொல்லுன்னு சிரிச்சது. ராஜா வெண்ணியைக் கேட்டார்: "சரிம்மா, உன் படிப்புக்கு என்ன விலை? நீயே சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும் அரசே? அந்தப் படிப்பு இல்லாம மலையேறினதுக்கு என்ன செலவாச்சுன்னு பொக்கிஷக்காரரைக் கேளுங்க."

நவநிதியார் தூணைப் பாத்தார், தன் துணியைப் பாத்தார். ராஜாவுக்கோ சந்தோஷம் தலைக்கேறிப்போச்சு. "பலே! தலைவி, இந்தா, இப்பவே பிடி"ன்னு பொன் மூட்டையைக் கீழே இறக்கச் சொல்லி அவிழ்க்கப் போனார்.

"ஐயோ அரசே, குடுக்காதீங்க! உறவு அறுந்துடும்!"னு பாஞ்சு வந்து அவர் கையைப் பிடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? நவநிதியாரேதான்.

வெண்ணி மெல்லச் சிரிச்சா. "பாத்தீங்களா அரசே, கொஞ்சூண்டு படிச்சதுக்கே ஒரு மூட்டை பொன் மிச்சம்."

அந்த மூட்டை அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. வெண்ணிக்குச் சபையில ஆசனம். கப்பலுங்க மிளகோட பாய் விரிச்சுப் போயிடுச்சு. உப்பளத்துல அறுவடை முடிஞ்சதும் பானை நிறைய உப்பைப் போட்டு, நவநிதியார் தலையில ஏத்தி, பல்லக்கு இல்லாம மலைக்கு அனுப்பினார் ராஜா. குதிரைங்க என்னவோ பழைய லாயத்துலயேதான் நின்னுச்சாம்.