வார்டு வாசல்ல நின்ன ரெண்டாவது ஆளு

ஒரு ஊர்ல ஒரு மாடத்தி இருந்தாளாம். மலைக்காரி. அவளுக்கு ஒரே ஒரு மவ, செம்பி. உன்னைய மாதிரி ஏழு வயசு, உன்னைய மாதிரியே சொன்ன பேச்சு கேக்காத கழுதை. ஏட்டி, காலை ஆட்டாத. பெரியத்தை கதை சொன்னா 'ம்' கொட்டணும்.

ம்.

ஒரு நா செம்பி தேன்பாறைப் பக்கம் போனாளா, சரசரன்னு வந்து பாம்பு கொத்திட்டு. "எம்மா"ன்னு ஒரே அலறல்! மாடத்தி புள்ளயத் தூக்கிக்கிட்டு மல்லன் வைத்தியர்கிட்ட ஓடுனா. மலைக்கே அவருதான் வைத்தியரு. காலைப் பாத்ததும், "இந்த விஷத்துக்கு ஊசிதான். கீழ ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட ஓடு, நிக்காத"ன்னு வெரட்டிட்டாரு.

அப்புறம் டாக்டரம்மா ஊசி போட்டாங்க, மருந்து ஏத்துனாங்க. மூணு நாள்ல விஷம் எறங்கிட்டு, வீக்கம் வத்திட்டு. ஆனா புள்ள கண்ணு முழிக்கலயே! "மூச்சு நல்லா வருது, நெஞ்சு நல்லா அடிக்கி. ஏன்னு எனக்கே தெரியல. இப்படியே கெடந்தா ரொம்ப நாளு தாங்காது"ன்னு அவங்களும் கையப் பிசையுதாங்க.

அப்போ மல்லன் வைத்தியர் மலை எறங்கி வந்தாரு. புள்ள நெத்தியில கைய வச்சாரு. "உடம்பு இங்க கெடக்கு. பயந்த உசிரு பாறையிலயே நிக்கி. பெத்தவ போயி மூணு தடவ பேரு சொல்லிக் கூப்பிடு. கூட வரும். திரும்பி மட்டும் பாத்துராத, பாத்தா அங்கனயே நின்னுரும்."

"மருந்த நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வாம்மா"ன்னாங்க டாக்டரம்மா.

உச்சி வெயிலு. பாறையில ஒரு காக்கா கத்தல. "செம்பீ... செம்பீ... செம்பீ..."

பின்னால, தப்... தப்... தப்... சின்னக் காலு.

ஓடையில எறங்குனா பின்னால சளக் சளக். "எம்மா, தண்ணி இழுக்கு, கையப் பிடி." மாடத்தி திரும்பல. அப்புறம் மூங்கில் காடு. "எம்மா, காலு வலிக்கி, தூக்கு." அழுதுக்கிட்டே நடந்தா, திரும்பல. பெத்த வயிறு என்ன பாடு பட்டிருக்கும், சொல்லு!

ம்...

அப்புறம் வார்டு வாசல். வாட்ச்மேன் கையக் குறுக்க நீட்டுனான். "ஒரு நோயாளிக்கு ஒரு ஆளுதான். நீ போம்மா. பின்னால ஈரப் பாவாடையோட நிக்குதே, அந்தப் புள்ள வெளிய இருக்கட்டும்."

எம்மாடி! மாடத்திக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. தான் மட்டும் உள்ள போனா, புள்ள வாசலோட போச்சே. கண்ண இறுக்கி மூடிக்கிட்டா.

"அய்யா, நான் வெளிய நிக்கேன். அவள உள்ள விடுங்க."

கதவு கிரீச்சுன்னுச்சு. அவ முழங்கைய ஒரசிக்கிட்டு சில்லுன்னு ஏதோ போச்சு. தப்... தப்... தப்... அப்புறம் சத்தமே இல்ல. மாடத்தி கண்ணத் தொறக்கவே இல்ல.

கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து, "எம்மா, பசிக்கி!"

டாக்டரம்மா வாசலுக்கு ஓடியாந்து மாடத்தியக் கட்டிக்கிட்டு அழுதுட்டாங்க. அன்னையில இருந்து மலைச்சனம் யாரு வந்தாலும் அந்த வார்டுக் கதவ ஒடனே சாத்துறதில்ல. ஒரு ஆளு போன பொறவு, இன்னொரு ஆளு நுழையுற நேரத்துக்கு, தொறந்தே வச்சிருப்பாங்க.

கதையும் தீந்துட்டு, எனக்குக் கண்ணும் சொருகிட்டு. தள்ளிப் படு, ஒறங்கு.