எருமைக்கு எந்தத் துப்பாக்கி

"துப்பாக்கிதான் அவரைத் தூக்கிக்கிட்டு நடக்குது."

முகாமின் சமையற்காரர் பானை கழுவிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வெந்நீர் வாங்க வந்த அறவாழியின் காதில் விழட்டும் என்று அவர் சொல்லவில்லை. விழுந்துவிட்டது.

அறவாழி வெந்நீர் வாங்காமலே திரும்பினார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடிக்காரர். சாம்பியாவின் செம்புச் சுரங்கத்தில் பாதி ஆயுளைப் போக்கியவர். மீதியை வானத்தின் கீழ் கழிக்க வேண்டும் என்று லுவாங்குவா ஆற்றங்கரைக்கு வந்திருந்தார். வேட்டை வழிகாட்டி ஆக வேண்டும் என்றால் முசோண்டாவிடம் போ என்று எல்லோரும் சொன்னார்கள்.

முசோண்டா அவரைவிடப் பத்து வயது இளைய பெண். நடக்கும்போது வலது காலைச் சற்றே இழுப்பார். அவர் எதையும் நீட்டி விளக்கி யாரும் கேட்டதில்லை.

அன்று அவர் மரத்தடியில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"நேத்துக் கேட்டதுதானே, பெரியவரே?"

"இன்னைக்காவது பதில் சொல்லுங்க. எருமைக்கு எந்தக் காலிபர் துப்பாக்கி?"

முசோண்டா ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

கீழ்க்கரையில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுக்கும் துறையை ஒரு கிழட்டுக் காட்டெருமை பிடித்துக்கொண்டிருந்தது. மந்தையை விட்டு வந்த ஒற்றை எருமை. போன மாதம் மீன் பிடிக்கப் போனவர் ஒருவரைக் குத்திக் கொன்றது. அதைச் சுட வனத்துறை உத்தரவு கொடுத்துவிட்டது. சுடப்போவது அறவாழி.

அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. மாணவன் சுட்டு, விலங்கு சாகாமல் புதருக்குள் போய்விட்டால், அதைத் தேடி உள்ளே போவது மாணவன் இல்லை. ஆசிரியர்.

அறவாழிக்கு அதனால்தான் தூக்கம் வரவில்லை.

"என்கிட்ட நானூத்தி எழுபது இருக்கு. ரெட்டைக் குழல். யானையையே நிறுத்தும்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"எடுத்துட்டு வாங்க."

தூரத்துப் புற்றைக் காட்டினார் முசோண்டா. அறவாழி சுட்டார். காடு முழுதும் அதிர்ந்தது. புற்றின் ஓரத்தில் கொஞ்சம் மண் பறந்தது. அவர் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

முசோண்டா துப்பாக்கியை வாங்கினார். முதுகைக் காட்டி நின்று எதையோ போட்டு மூடினார். திருப்பிக் கொடுத்தார்.

"மறுபடி."

அறவாழி குறி பார்த்தார். விசையை இழுத்தார்.

டக்.

வெடிக்கவில்லை. உள்ளே இருந்தது சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டாக்கூடு.

ஆனால் அவருடைய கண்கள் இறுக மூடியிருந்தன. தோள் பின்வாங்கியிருந்தது. குழலின் வாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வெடிக்காத துப்பாக்கிக்கே இவ்வளவு மரியாதையா?" என்றார் முசோண்டா.

சமையற்கட்டுப் பக்கமிருந்து சிரிப்புக் கேட்டது. அறவாழிக்கு முகம் சுட்டது. ஆனால் அவரும் சிரித்துவிட்டார்.

பிறகு முகாமின் முந்நூற்று எழுபத்தைந்து காலிபர் ரைபிளை எடுத்துவந்தார். எருமைக்குச் சட்டம் அனுமதிப்பதில் ஆகச் சிறியது அதுதான். சுட்டார். வெற்றுக்கூட்டை வைத்தும் சுட்டார். குழல் அசையவில்லை. புற்றின் நடுவில் ஓட்டை விழுந்தது.

"அப்ப இதுதான். சின்னதுதான் சரி. இல்லையாம்மா?"

முசோண்டா இடுப்புத் துணியை வலது பக்கம் கொஞ்சம் ஒதுக்கினார். முழங்காலுக்கு மேலே, கயிற்றைப் புதைத்துத் தைத்ததுபோல ஒரு தழும்பு ஓடியது.

"போன மழைக்கு முந்தி வந்த மாணவர். அவர்கிட்ட இருந்ததும் அந்தச் சின்னதுதான். புத்துல ஒரு குண்டுகூடத் தப்பாது."

அறவாழி தழும்பைப் பார்த்தார். ரைபிளைப் பார்த்தார்.

"பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல. அப்ப நான் யாரைத்தான் கேக்குறது?"

"நாளைக்கு எருமையையே கேளுங்க," என்று முசோண்டா மறுபடி கடலை உரிக்கத் தொடங்கினார்.

விடிந்ததும் இருவரும் ஆற்றை ஒட்டி நடந்தார்கள். அறவாழி முந்நூற்று எழுபத்தைந்தை எடுத்துக்கொண்டார். முசோண்டா தன் பழைய ரைபிளைத் தோளில் போட்டிருந்தார்.

நாணல் காட்டுக்கு முன்னால் முசோண்டா நின்றார். கையால் எதையும் காட்டவில்லை.

அறவாழிக்கு முதலில் ஒரு பாறைதான் தெரிந்தது.

பாறையின் மேல் சின்னப் பறவைகள் உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தன. பாறை மூச்சு விட்டது. குளிரில் அந்த மூச்சு புகையாக எழுந்தது. பிறகு அது தலையைத் தூக்கியது. நெற்றி முழுக்கக் கல் பாவியதுபோல் கொம்பு. இரண்டு பக்கமும் வளைந்து இறங்கி, மறுபடி மேலே ஏறியது. உடம்பில் காய்ந்த சேறு வெடித்திருந்தது. ஒரு காது கிழிந்து தொங்கியது. எந்தக் காலத்துச் சண்டையோ.

சுரங்கத்தில், கூரை இறங்குவதற்குச் சற்று முன், ஒரு நிசப்தம் வரும். எல்லா ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்கள். அந்த நிசப்தத்தை அறவாழி இப்போது வெளிச்சத்தில் கேட்டார்.

அவர் உதடு தானாக அசைந்தது. "எவ்வளவு பெரிசு," என்றார். தமிழில் சொன்னார். முசோண்டா அதற்கு அர்த்தம் கேட்கவில்லை.

நான்கு பனைமரத்தை வரிசையாகப் படுக்கப் போட்ட தூரம். இடையில் முழங்கால் உயரப் புல். எருமை பக்கவாட்டில் நின்றது. அதன் பின்னால், ஆள் நுழைந்தால் தெரியாத நாணல்.

அறவாழி ரைபிளைத் தூக்கினார். குழல் அசையவில்லை.

"இங்கேருந்து சுடலாமா?" என்று மூச்சோடு மூச்சாகக் கேட்டார்.

"சுடலாம்."

"விழுமா?"

"விழலாம்."

"விழலேன்னா?"

முசோண்டா தன் ரைபிளைத் தோளிலிருந்து இறக்கினார். தோட்டா இருக்கிறதா என்று ஓசைப்படாமல் பார்த்தார். துணியின் நுனியை இடுப்பில் இறுக்கிச் செருகினார். பிறகு, எருமையை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருந்த நாணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறவாழி அவரையே பார்த்தார்.

ரைபிளைத் தாழ்த்தினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு பிடி மண்ணை உதிர்த்துப் பார்த்தார். அது எருமையிடமிருந்து அவர் பக்கமாக வந்தது; அவர் வாடை அதற்குப் போகாது.

அவர் குனிந்து, வாரை அவிழ்த்து, இரண்டு காலணிகளையும் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, ரைபிளை ஏந்திக்கொண்டு, ஓசையில்லாமல், வெறுங்காலோடு எருமையை நோக்கி நடந்தார்.