ஏழாம் நம்பர் பெஞ்சில் உட்கார்ந்தவர்

செங்கரம்பூர்ப் பூங்காவைப் பார்த்துக்கொள்ள நகராட்சி மூன்று பேரை வைத்திருந்தது: மேஸ்திரி பெத்தணன், தோட்டக்காரர் சடையாண்டி, காவலாளி லூர்து. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள், பாவம்.

பூங்கா பெஞ்சுகளில் ஜனங்கள் உட்காருகிறார்களா என்று பார்க்க ஒரு மென்பொருள் வந்தது. பெஞ்சுக்கு அடியில் சின்னப் பெட்டி. பாரம் ஏறினால் ஆணையர் அம்மாவின் கம்ப்யூட்டரில் விளக்கு எரியும். ஏழாம் நம்பருக்கு மட்டும் எரியவே இல்லை.

"திங்கக்கிழமைக்குள்ள ஆள் உட்காரலைன்னா அதை நாவலேரிப் பூங்காவுக்குக் கொடுத்துடுவேன்" என்றார் ஆணையர்.

பெத்தணனுக்கு வயிறு எரிந்தது. நாவலேரி மேஸ்திரி அவருடைய சொந்த மச்சான். "நான் முடுக்கின போல்ட்டு. அதுல அவன் கால்மேல கால் போட்டு உட்காருவானா?"

மூவரும் போய் அந்தப் பச்சை பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். பக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தது: 'பெயிண்ட் ஈரம். உட்காராதீர்.'

"ஏன்டா ஒருத்தரும் உட்கார மாட்டேங்கிறாங்க?"

"ஈரம்ணே" என்றார் லூர்து.

"எப்ப அடிச்சது?"

"போன வருசம் பொங்கலுக்கு."

"இன்னுமா காயல?"

"காஞ்சிருந்தா பலகையை எடுக்கச் சொல்லியிருப்பாங்களே" என்றார் சடையாண்டி. நியாயம்தான் என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டார்.

மனுஷன்தானே உட்காரக் கூடாது? எதிர் மெஸ்ஸில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லைத் தூக்கி வந்து பெஞ்சில் வைத்தார்கள். விளக்கு எரிந்தது.

மூன்றாம் நாள் ஆணையர் பதறிப்போய் போன் செய்தார். "யாருய்யா அது, மூணு நாளா எந்திரிக்கவே இல்ல? உயிர் இருக்கா?"

பெத்தணன் குனிந்து பார்த்தார். "அசைவே இல்ல மேடம்."

"ஐயோ! பெஞ்சோட தூக்கியாவது ஆஸ்பத்திரியில சேருங்கய்யா!"

போல்ட்டைக் கழற்றும்போது பெத்தணன் அழுதேவிட்டார்.

"என்ன செய்யுது?" என்று கேட்டார் டாக்டர்.

"சாப்பிடல, பேசல, மூணு நாளா இப்படியேதான் சார்."

டாக்டர் ஆட்டுக்கல்லைப் பார்த்தார். மூவரையும் பார்த்தார். மூவருக்கும் தனித்தனியாகச் சீட்டு போடச் சொன்னார்.

அதற்குள் வரிசையில் நின்ற நோயாளிகள் கல்லை இறக்கி வைத்துவிட்டு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆணையர் மறுபடி கூப்பிட்டார். "ஏழாம் நம்பர்ல அவ்வளவு கூட்டம்! நாவலேரிக்கு இல்ல. இப்ப இருக்கிற இடத்தைவிட்டு அதை அசைக்காதீங்க."

பெத்தணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெஞ்சை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, மூவரும் பூங்காவுக்குத் திரும்பினார்கள். பெஞ்சு இருந்த இடத்தில் புல்லும் பலகையும் மட்டும் இருந்தன. கால் கடுத்துப்போன லூர்து புல்லில் உட்காரப் போனார். சடையாண்டி ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காராத! பச்சைப் பெயிண்டு தரையெல்லாம் வழிஞ்சு கிடக்கு பாரு."

பெத்தணன் குனிந்து பார்த்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார். "நல்லவேளை, பலகையை எடுக்காம விட்டோம்."