நின்றுகொண்டே வந்த பயம்

ஓர் ஊரில் ஆவுடையப்பன் என்று ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். அவருடைய புராஸ்டேட் சுரப்பிக்குள் பட்டாணி அளவில் ஒரு கட்டி குடியேறியிருந்தது. ஊசி போய் அதிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி வந்து ஆய்வகத்தில் சேர்த்தது. புற்று என்று தெரிந்துவிட்டது. அறுப்பதா, விட்டுவைப்பதா என்பதுதான் தெரியவில்லை.

அறுத்தால் கட்டி போகும். சிறுநீரை அடக்கும் திறனும் அதோடு போகலாம். விட்டுவைத்து, அது எலும்புக்குப் பரவினால் ஆளே போகலாம்.

அவர் மனைவி வடிவு ஆஸ்பத்திரியில் கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அவள் மடியில் பயம் உட்கார்ந்துகொண்டு, ஊரில் புற்று வந்து செத்தவர்கள் பெயரையெல்லாம் காதில் ஓதியது. அதுவும் போதாமல் கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்து கத்தியை உசுப்பிவிட்டது.

கத்தி யோசிக்கவே இல்லை. தான் எப்போதோ தயார் என்றது.

மைக்ராஸ்கோப் ஒற்றைக் கண்ணால் துணுக்கை வெகுநேரம் பார்த்தது. முகத்தை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை, இதே முகத்தோடு வந்ததில் சிலது மூலையில் முடங்கிக் கிடந்தது, சிலது உடம்பையே சூறையாடியது என்று அலுத்துக்கொண்டது.

"நூலைப் போல சேலை என்பார்கள். நூலையே கேளுங்கள்," என்றது.

செல்லுக்குள் சுருண்டு கிடக்கும் அந்த நூலுக்கு டி.என்.ஏ. என்று பெயர். சாயமேற்றி அளக்கத் தொடங்கியதும் அது சோம்பல் முறித்தது. அப்பன் கொடுத்த பங்கும் ஆத்தாள் கொடுத்த பங்கும் தன்னிடம் அளவு மாறாமல் இருப்பதாகச் சொன்னது. அங்கங்கே முடிச்சு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் கண்டபடி பெருகுகிற புற்றுக் கூட்டத்தின் நூல் மாதிரி தாறுமாறாகவில்லை.

"அப்படியானால் நீ பரவமாட்டாயா?" என்று கத்தி கேட்டது.

"இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை. சத்தியமெல்லாம் செய்யமாட்டேன். அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ளுங்கள்."

கத்தி தட்டில் படுத்துக்கொண்டது. பயத்துக்குத்தான் பொறுக்கவில்லை. சத்தியம் செய்யாதவனை எப்படி நம்புவது என்று சண்டைக்குப் போனது.

நூல் அதை ஏற இறங்கப் பார்த்தது. "நான் வந்து வருஷக்கணக்காகிறது, இன்னும் பட்டாணிதான். நீ நேற்று வந்தாய். அதற்குள் வடிவின் சோறு, தூக்கம், பேச்சு எல்லாவற்றிலும் பரவிவிட்டாய். நம்மில் யார் புற்று?"

இப்போது அறுக்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறிய பிறகும் வடிவு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பயம் பின்படியில் தொற்றிக்கொண்டிருந்தது.

"என்னங்க, அது நம்ம கூடவே வருதே."

ஆவுடையப்பன் ஜன்னலோரம் நகர்ந்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"வரட்டும் வடிவு. நின்னுக்கிட்டு வரட்டும். நீ இடம் மட்டும் குடுத்துராத."