ஒன்றுமில்லாததோடு ஒரு மல்யுத்தம்

முன்னொரு காலத்தில், மன்னர்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு மன்னர் தம் செல்ல அன்னங்கள் நீந்துவதற்காகக் குயவர் தெருவில் பாதியைப் பிடுங்கிக் குளம் வெட்டினார். மீதிப் பாதியில் குயவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு சக்கரம் சுற்றினார்கள். அன்னங்களுக்கு இன்னும் இடம் போதவில்லையே என்று மன்னருக்குத்தான் பெரிய கவலை!

"தெருவைத் திருப்பிக் கொடுங்கள், அரசே" என்று கேட்டான் விகடகவி அம்பலவாணன். அவன் பிறந்த தெரு அது.

அவன் வாங்கிய பரிசுகளைப் பார்த்து வயிறெரிந்து கிடந்த தளபதி மழவராயர் துள்ளி எழுந்தார். "மன்னா! இவன் வெறும் வாயால் பிழைப்பவன். ஒன்றுமில்லாததைக் கொண்டு என்னை வெல்லட்டும், தெருவைக் கொடுக்கலாம். தோற்றால் குயவர்களையும் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டே போகட்டும்!"

"பலே! அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர். அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

அம்பலவாணன் அன்றிரவெல்லாம் யோசித்தான். தன் தலை மட்டும் என்றால் விளையாடிப் பார்க்கலாம். ஒரு தெருவே போகுமே!

மறுநாள் அவன் ஒரு பீச்சாங்குழலைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தான். வசந்த விழாவில் பட்டத்து யானைமேல் மஞ்சள்நீர் பீய்ச்சுகிற பெரிய பித்தளைக் குழல் அது.

"உள்ளே ஏதாவது இருக்கிறதா, தளபதியாரே?"

மழவராயர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஒன்றுமில்லை."

"தங்கள் வாக்கே சாட்சி" என்று தண்டைச் செருகி, குழலின் மூக்கை அரக்கால் அடைத்தான் அம்பலவாணன். "அந்த ஒன்றுமில்லாததைத் தண்டால் அடிவரை நசுக்கிவிடுங்கள். நான் ஊரைக் காலி செய்கிறேன்."

தளபதி ஏளனமாக ஒரு கையால் அழுத்தினார். தண்டு கொஞ்சம் இறங்கியது. இரண்டு கையாலும் அழுத்தினார், இன்னும் கொஞ்சம். கடைசியில் உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தார். பாதிக்குமேல் அசையவில்லை. வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தார் பாருங்கள், தண்டு துள்ளி வந்து தாடையில் ஒரு போடு போட்டது. தலைப்பாகை அன்னக் குளத்துப் பக்கம் பறந்தது.

மன்னருக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. "இது என்ன மாயமடா?"

"காற்றுதான், அரசே. முதலில் விட்டுக்கொடுக்கும். இடம் பாதியானால் இரட்டை பலத்தோடு திருப்பித் தள்ளும். கால்வாசியானால் நான்கு மடங்கு. தாங்கள் குயவர்களை இதுவரை பாதிதான் அழுத்தியிருக்கிறீர்கள்."

சிரிப்பு பாதியில் நின்றது. மன்னர் தளபதியின் வீங்கிய தாடையைப் பார்த்தார். பிறகு தம் தாடையை மெல்லத் தடவிக்கொண்டார். அப்புறம் முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்.

"குளத்தை இன்றே தூர்த்துவிடுங்கள்!" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார். மண் சுமக்கும் பொறுப்பு மழவராயருக்கு. அவருடைய பலத்துக்கு அதுதான் பொருத்தம் என்று சபையே ஒப்புக்கொண்டது.