வளையல் தீவுக்காரி

ஏட்டி அமலி, காலத் தூக்கி என் மேல போடாத, வேக்காடு தாங்கல. இந்தப் பக்கம் திரும்பிப் படு. பெரியம்மா கத சொல்லுதேன். ஆனா நான் நிறுத்துத எடத்துல நீ 'ம்' கொட்டணும். கொட்டலன்னா தூங்கிட்டன்னு வெளக்க அணச்சிருவேன். என்ன கத வேணும்? காலண்டர் படத்துல இருக்கே, அந்தத் தீவா? பச்சத் தண்ணியும் வெள்ள மணலும் ஆளே இல்லாம அழகா இருக்கு, அதானே? ஏன் ஆளே இல்லன்னு காலண்டர்ல போடமாட்டான். நான் சொல்லுதேன், கேளு.

ஒரு கடல்ல ஒரு தீவு. நம்ம தூத்துக்குடியிலேருந்து கொழும்பத் தாண்டி, அதுக்கும் தெக்க, நாள்கணக்கா கப்பல் ஓடுனாத்தான் வரும். உங்க பெரியப்பா கப்பல்ல சமையலுக்குப் போனப்ப கேட்டுட்டு வந்த கத இது. அந்தத் தீவுல மல கெடையாது, ஆறு கெடையாது. ஒடஞ்ச வளையலாட்டம் மணலு, அவ்வளவுதான். வளையலுக்கு உள்ள பச்சத் தண்ணி, வெளிய கருநீலத் தண்ணி. சுத்திலும் உப்பு, ஆனா மணல்ல ஒரு ஆள் ஆழம் தோண்டுனா குடிக்கத் தண்ணி ஊறும். அதிசயமா இல்ல?

ம்.

அங்க முதல்ல மனுசரே கெடையாது. அப்புறம் ஒரு வெள்ளக்காரன் வந்தான். தேங்காயெண்ணெய்க்கு ஆசப்பட்டு ஆப்பிரிக்காவுலேருந்து ஆள்களச் சங்கிலி போட்டுக் கொண்டாந்தான். அப்புறம் நம்ம பக்கத்து ஆள்களையும் கொண்டாந்தான். வாரியான்னு ஒருத்தர்ட்டயும் கேக்கல. அவுக அழுதாக, அழுதுக்கிட்டே தேங்கா உரிச்சாக, டொக் டொக், டொக் டொக். அப்புறம் கல்யாணம் கட்டுனாக, புள்ள பெத்தாக, கோயில் கட்டுனாக, செத்தவுகள அந்த மணல்லயே பொதச்சாக. பேரப்புள்ளைக்குப் பேரப்புள்ள வந்ததும் அது அவுக ஊராயிட்டுது. பின்ன வேற எத ஊருன்னு சொல்லுதது?

அந்த ஊர்ல ரொசாலி, ரொசாலின்னு ஒருத்தி. அவளுக்கு ஒரு புருசன், லூயின்னு ஒரு மகன், நாலு கோழி, ஒரு நாயி. ஒரு நா லூயிக்குக் காய்ச்ச வந்து ஒடம்பு அனலாக் கொதிச்சுது. தீவுல டாக்டர் கெடையாது. அப்போ கப்பல்ல ஏறி, மல இருக்குத பெரிய தீவுக்கு மகனத் தூக்கிட்டுப் போனா. புருசன் கரையில நின்னு, "சீக்கிரம் வந்துரு, கோழிக்கு நான் தீனி போட்டுக்கிடுதேன்"னான். கப்பல் பூம்ம்முன்னு ஊதிட்டுப் போச்சுது.

மகனுக்குச் சொகமாயிட்டுது. அவ துறைமுகத்துல கப்பல் ஆபீசுக்குப் போயி சன்னலத் தட்டுனா. கண்ணாடி போட்ட ஒருத்தன் எட்டிப் பாத்தான்.

"எந்த ஊருக்கு?"

"எங்க ஊருக்கு. வளையல் தீவுக்கு."

"அந்த ஊரு இனிம கெடையாது. வித்தாச்சு."

"ஊர விப்பாகளா ஐயா? யாரு வித்தா?"

டப்புன்னு சன்னல அடச்சுட்டான்.

என்னட்டி, முழிச்சுக்கிட்டுத்தான இருக்க?

ம்.

என்ன நடந்துதுன்னா, தூரத்துல ஒரு நாட்டுப் பட்டாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கடல் வேணும்னுட்டாக. அங்க மனுசரு இருந்தாத் தொந்தரவாம். அதனால ஒரு கப்பல அனுப்பி, ஆளுக்கு ஒரு பாயி ஒரு பெட்டின்னு சொல்லி, எல்லாரையும் ஏத்திட்டாக. அப்பக் கொண்டாந்தப்பவும் கேக்கல, இப்பப் போகச் சொன்னப்பவும் கேக்கல. நாய்கள ஏத்தல. அதுகள என்ன செஞ்சாகன்னு கேக்காத. நான் சொல்லமாட்டேன்.

ரொசாலி புருசன் அந்தக் கப்பல்ல வந்து எறங்குனான். கையில பாயி மட்டும் இருந்துது. பெரிய தீவுல ஒரு தகரக் கொட்டாய்ல இருந்தாக. மழைன்னா உள்ளயும் தட தடன்னு அடிக்கும். அவன் ஒரு சோலிக்கும் போகல. கடலப் பாத்தே உக்காந்திருந்தான். டாக்டர் பாத்துட்டு ஒடம்புல நோயே இல்லன்னாரு. ஆனா செத்துப்போனான். மனசு ஒடஞ்சா சாவாகட்டி, அது நெசந்தான். "எங்க ஊரு மணல்ல போடு"ன்னு கேட்டுட்டுத்தான் செத்தான். அவ ரெண்டாந்தடவ ஓடிப்போயி சன்னலத் தட்டுனா. "உசுரோடதான் விடமாட்டிய, பொணத்தையாவது கொண்டு போறேன்"னு அழுதா. டப்.

அப்புறம் அவ ஒரு பெரிய ஓட்டல்ல வேலைக்குச் சேந்தா. ஊரு ஊரா சுத்திப் பாக்க வாரவுக படுக்கைக்கு விரிப்பு மாத்துத வேல. அவுக பேச்சும் கொஞ்சம் படிச்சுக்கிட்டா. தல நரச்சுது. லூயிக்குமே நரச்சுது. அப்போ மூணாந்தடவ போயி சன்னலத் தட்டுனா. இந்தத் தடவ உள்ள புது ஆளு. "போகலாம் பாட்டி. கல்லறையச் சுத்தம் பண்ணிட்டு வரலாம். பகல் மட்டுந்தான். கப்பல் ஊதுனா ஏறிரணும்"னான். அவ அந்தச் சன்னல் கம்பியில முத்தங் கொடுத்தா.

ம்.

போய் எறங்குனா. கோயிலுக்குக் கூர இல்ல. அவ வீட்டுக்குச் செவுரு மட்டும் நின்னுது, அடுப்படியில தென்ன மொளச்சு ஒசந்து நின்னுது. அவ அம்மா அப்பா கல்லறையில மொளச்சிருந்த புல்ல, லூயி ஒரு பக்கம் இவ ஒரு பக்கம், சரக் சரக்குன்னு பிடுங்குனாக. பிடுங்கிட்டுத் திரும்பிப் பாத்தா, அவ வீட்டு வாசல்ல ரெண்டு நாற்காலி. ஒரு வெள்ளக்காரனும் அவன் பொண்டாட்டியும் உக்காந்து மீன் சுட்டுக்கிட்டு இருக்காக. பாய்மரப் படகு பச்சத் தண்ணியில நிக்கி.

நானா இருந்தா ஆத்திரத்துல நாற்காலியத் தூக்கிக் கடல்ல எறிஞ்சிருப்பேன். அவ அப்படிச் செய்யல. வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருக்காகளேன்னு, "வாங்க, வாங்க"ன்னா. லூயிய எளநி பறிக்கச் சொல்லி, சீவி, ரெண்டு பேருக்கும் கொடுத்தா. தூந்துபோன கெணத்த இந்தா இருக்குன்னு காட்டுனா. அந்தப் பொம்பள நல்லவதான். சிரிச்ச மொகமாக் கேட்டா:

"ரொம்ப அழகான எடம். நீங்களும் சுத்திப் பாக்க வந்தீங்களா?"

ரொசாலி அவளையே பாத்தா. "ஆமா"ன்னா.

"எத்தன நாளைக்கு?"

"ஊதுனதும் போகணும். நீங்க?"

"நாங்க இங்க தங்க அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கோம். ஒரு மாசம் இருப்போம்."

அப்போ கப்பல் ஊதுச்சு. பூம்ம்ம். லூயி அம்மா கையப் பிடிச்சு எழுப்புனான். அந்த ரெண்டு பேரும் மரியாதையாத் தண்ணி வரைக்கும் கூட வந்தாக. தோணி கெளம்புச்சு, சளப் சளப். அவுக கரையில நின்னு கையாட்டுனாக.

தோணியில போறவதான 'போயிட்டு வாரேன்'னு சொல்லணும்? சொல்லப் பாத்தா. வாய் வரல. அவதான் வர முடியாதே. அப்போ என்ன செஞ்சா தெரியுமா? எழுந்து நின்னு, வீட்டுக்காரி விருந்தாளிகிட்டச் சொல்லுத மாதிரி, கரையப் பாத்துச் சத்தமாச் சொன்னா:

"இன்னொரு தடவ அவசியம் வாங்க!"

அவுக சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனாக.

கதையும் கரையேறிட்டுது. அழாதட்டி, மூக்கத் தொடச்சுக்கோ. கண்ண மூடித் தூங்கு.